நிழல் இல்லாத மரம்

சேகர்: மரம் எங்கே?

வசந்தா: உங்கள் முன்னால்தான் கிடக்கிறது.

சேகர்: இது பாறை. நான் மரத்தைக் கேட்கிறேன். புளியோதரைத் தூக்கைச் சுமந்துகொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

வசந்தா: இதுதாங்க மரம். சாத்தனூர் கல்மரம்.

சேகர்: ரொம்ப வயதான மரம் என்று சொன்னாயே! அடையாறு ஆலமரம் மாதிரி விழுதெல்லாம் தொங்கும், அடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நம்பித்தானே பெரம்பலூர் தாண்டி வண்டியைத் திருப்பினேன்.

வசந்தா: வயதானதுதான். 12 கோடி வருடம்.

சேகர்: 12 கோடி வருடத்தில் ஒரு இலை கூட விடவில்லையா?

வசந்தா: அந்தக் காலத்தில் இங்கே கடல். தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து கடல் மண்ணில் புதைத்துவிட்டது. தண்ணீரில் கரைந்திருந்த தாதுக்கள் உள்ளே இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிவிட்டது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர்தான் கண்டுபிடித்தார்.

சேகர்: பாவம், அவருக்கும் நிழல் கிடைத்திருக்காது.

வசந்தா: நீளத்தைப் பாருங்கள், 18 மீட்டர்!

சேகர்: நம் கார் நாலு மீட்டர். நாலு காரை வரிசையாக நிறுத்தினாலும் இடம் மிச்சம். நிழல்தான் இல்லை.

வசந்தா: மாமல்லபுரத்தில் அந்த வெண்ணெய் உருண்டையைக் கையால் தாங்குகிற மாதிரி பதினைந்து போட்டோ எடுத்துக்கொண்டது யார்? 250 டன் என்கிறார்கள். அதுவும் பாறைதான்.

சேகர்: அங்கே நிழல் இருந்தது. பாறையின் நிழல்.

வசந்தா: ...

சேகர்: இந்நேரம் திருச்சி போய்ச் சேர்ந்திருக்கலாம். போன தடவை நாலே முக்கால் மணி நேரம். எங்கள் ஆபீசில் இன்னும் யாராலும் அதை முறியடிக்க முடியவில்லை.

வசந்தா: அந்த ரெக்கார்டு நீங்கள் ஓட்டி வந்ததில்லை, நான் அடக்கி வந்தது.

சேகர்: என்னது?

வசந்தா: செங்கல்பட்டில் பாத்ரூம் போகணும் என்றேன். அடுத்த டோல்கேட் என்றீர்கள். ஆத்தூர் போனது, விக்கிரவாண்டி போனது, செங்குறிச்சி போனது, திருமாந்துறை போனது. சமயபுரத்தில் நிறுத்தினீர்கள். அதுவும் ஃபாஸ்டேகில் பணம் தீர்ந்துபோனதால்.

சேகர்: அதற்கும் இந்த மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வசந்தா: இன்னும் ரெண்டு டோல்கேட் தாண்டியிருந்தால் எனக்குள்ளேயும் கல் வந்திருக்கும்.

சேகர்: சரி, ஒரு போட்டோ எடு. குரூப்பில் போடணும்.

வசந்தா: மரத்தோடா?

சேகர்: மரத்தோடுதான். ஆனால் பின்னால் காரும் தெரியணும்.

வசந்தா: எடுத்தாயிற்று. கார் தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள். மரத்துக்குத்தான் இடம் இல்லை.

சேகர்: பரவாயில்லை, கிளம்பு. இனிமேல் நீ கேட்ட இடத்தில் நிறுத்துகிறேன், போதுமா?

வசந்தா: அப்போ இப்போதே கேட்கிறேன். எனக்கு அவசரம்.

சேகர்: இப்போதேவா? இங்கிருந்து மெயின் ரோட்டைப் பிடித்தால் அடுத்த டோல்...

வசந்தா: ம், சொல்லி முடியுங்கள்.