ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

போன வாரம் என் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டேப்லெட்டில் கழித்தல் விளையாட்டு விளையாடி முடித்தாள். இருபது கேள்விக்கு இருபது நட்சத்திரம். திரையில் பலூன் பறக்கிறது, கைதட்டல் சத்தம் வருகிறது, பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அன்று மத்தியானம் நோட்டுத் திருத்தும்போது பார்க்கிறேன், அதே பிள்ளை 52-இல் இருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறாள். ஒரு கணக்கு தப்பென்றால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம், பக்கம் முழுக்க அப்படியே இருந்தது. 41-இல் 18 போனால் 37. 60-இல் 24 போனால் 44.

"ஏன் கண்ணு இப்படிப் போட்ட?" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்ல டீச்சர், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சின்னதில் இருந்து பெரியது போகாது என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம், அதை அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள்.

அப்படியென்றால் அந்த இருபது நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று விடை காட்டுகிறது. ஒன்றைத் தொடுகிறாள், சிவப்பு. அடுத்ததைத் தொடுகிறாள், சிவப்பு. மூன்றாவதைத் தொட்டதும் நட்சத்திரம். மூன்றாவது முறை சரியாகத் தொட்டாலும் நட்சத்திரம் உண்டு, எப்படி யோசித்தாய் என்ற கேள்வி எந்த இடத்திலும் இல்லை. அவள் ஏமாற்றவில்லை. விளையாட்டு அவளிடம் என்ன கேட்டதோ அதைத்தான் செய்தாள், சிவப்பு வராத கட்டத்தைத் தேடித் தொடச் சொன்னது, தொட்டாள்.

இரண்டு பேர் வேலை பார்க்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பல வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் டேப்லெட்டுக்கு எதிரி இல்லை. தினமும் பயன்படுத்துகிறேன். 2018-இல் புதிய பாடநூல்கள் கியூஆர் கோடோடு வந்தபோது எங்கள் ஒன்றியத்தில் முதலில் ஸ்கேன் செய்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அரசின் கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி எல்லாம் பார்த்து, எடுக்கக்கூடியதை எடுத்து வகுப்பில் காட்டியிருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்புக் கணக்கே தெரியாது, அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிற முறை. ஒரே அறையில் மூன்று நிலையும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு குழுவுக்குத் திரையைக் கொடுத்துவிட்டு இன்னொரு குழுவோடு தரையில் உட்கார முடிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய உதவி என்பது இரண்டாசிரியர் பள்ளியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் ஆதங்கம் வேறு. விளையாட்டில் வருகிற கணக்கு தானாக நோட்டுக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். பெற்றோர், அதிகாரிகள், செயலி செய்கிறவர்கள், என்னைப் போன்ற டீச்சர்கள், எல்லோரும்தான். அது வருவதில்லை. கையைப் பிடித்து யாராவது கூட்டிவர வேண்டும்.

லீவில் உட்கார்ந்து இதைப்பற்றிக் கொஞ்சம் படித்தேன். நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குஜராத்தில் வதோதரா நகரப் பள்ளிகளில் 2002 முதல் 2004 வரை நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் 2 மணி நேரம் கம்ப்யூட்டரில் கணக்கு விளையாட்டு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளை. நடத்தியது பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம், ஆராய்ந்தவர்களில் பின்னால் 2019-இல் பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. ஏறுகிறது என்பதும் உண்மை, கரைகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், விளம்பரங்களில் முதல் பாதிதான் வருகிறது.

இன்னொன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2017-இல் வெளியானது, டெல்லியில் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளோடு செய்தது. அது டிஜிட்டல் கூட இல்லை, அட்டைகளை வைத்து விளையாடுவது. எந்தக் குவியலில் புள்ளி அதிகம், எந்த வடிவம் மற்றவற்றோடு சேரவில்லை என்ற மாதிரி. பிள்ளைகளுக்கு அந்த உள்ளுணர்வு நன்றாக வளர்ந்தது, ஒரு வருடத்துக்கு மேலும் நிலைத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போனபின் எண்ணையும் குறியையும் வைத்துச் செய்கிற பள்ளிக் கணக்கில் மற்ற பிள்ளைகளைவிட அவர்கள் மேலே வரவில்லை. காரணம் விளையாட்டில் 1, 2 என்று எழுதுகிற எண்ணுருவே இல்லை. புள்ளியில் கற்றது புள்ளியிலேயே நின்றுவிட்டது.

இதை நான் என் வகுப்பிலேயே இன்னொரு உருவத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு பையன், பெயர் வேண்டாம், அவன் அப்பா அம்மா வாரச்சந்தையில் கீரைக்கடை போடுகிறார்கள். ஒரு கட்டு 15 ரூபாய், மூன்று கட்டு வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் பாக்கி 55 என்று நான் பர்ஸை மூடுவதற்குள் சொல்லிவிடுவான். எப்படிடா என்றால், "நாப்பத்தஞ்சு போச்சா டீச்சர், அஞ்சு சேத்தா அம்பது, அப்புறம் ஒரு அம்பது" என்பான். எவ்வளவு அழகான முறை! அதே பையனுக்கு நோட்டில் 100-க்குக் கீழே 45 என்று எழுதிக் கழிக்கச் சொன்னால் 145 என்று போடுகிறான். மேலே பூஜ்யம், கீழே ஐந்து, பூஜ்யத்தில் ஒன்றும் இல்லை, அதனால் கீழே இருப்பதை இறக்கிவிட்டான், நாலையும் அப்படியே. சந்தையில் 100 கொடுத்து 145 பாக்கி வாங்குவாயா என்று கேட்டதும் சிரித்துவிட்டான். அதுவரை இரண்டும் ஒரே கணக்கு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. போன வருடம், 2025-இல், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்கிற பிள்ளைகளை வைத்து டஃப்லோ குழு வெளியிட்ட ஆய்வு இதையேதான் காட்டியது. சந்தைப் பிள்ளைகள் மனக்கணக்கில் புலி, பள்ளிக்கூட வடிவத்தில் கேட்டால் திணறுகிறார்கள். சந்தையில் வேலை செய்யாமல் பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளுக்கு நேர் எதிர். சந்தையில் இருந்து நோட்டுக்கே தானாக வராத கணக்கு டேப்லெட்டில் இருந்து மட்டும் எப்படி வரும்?

சரி, அந்தக் கழித்தல் பிள்ளையிடம் வருகிறேன். டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு ஈர்க்குச்சிக் கட்டை எடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்போம். ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி. "இது எவ்வளவு?" "அம்பத்திரண்டு." "எனக்கு இருபத்தேழு குடு." இரண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். அப்புறம் இருந்த இரண்டு குச்சியையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். கையில் மூன்று கட்டு இருக்கிறது, தனிக் குச்சி இல்லை. என் முகத்தைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்த ரப்பர் பேண்டையே சுண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "டீச்சர், கட்டைப் பிரிக்கட்டுமா?" என்றாள்.

கடன் வாங்கிக் கழித்தல் என்பதன் மொத்த விஷயமும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, அவளாகக் கேட்டாள். இருபது நட்சத்திரம் கொடுத்த விளையாட்டு அந்தக் கேள்வி வருவதற்கு ஒரு நொடி கூட இடம் கொடுக்கவில்லை. மேலே கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கில் மெதுவாக இருக்கிற பிள்ளைக்குக் கடிகாரம் வைத்தால் அது யோசிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கத்தான் பழகும். வாய்ப்பாடு நன்றாக மனதில் நின்றபிறகு வேகத்துக்காக அப்படி ஒரு விளையாட்டு வைக்கலாம், தவறில்லை. புரிவதற்கு முன்னால் வைக்கவே கூடாது.

இதனால்தான் நான் இப்போது எந்த விளையாட்டையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் வகுப்புக்குள் விடுகிறேன். கணக்கு விளையாட்டின் உள்ளே இருக்கிறதா, வாசலில் காவல் நிற்கிறதா? காரை ஓட்டு, நடுவில் 7×8 கேட்கும், சரியாகச் சொன்னால் மறுபடி காரை ஓட்டு என்றால் பிள்ளைக்குக் கணக்கு ஒரு தடங்கல், எப்படா முடியும், காருக்கு எப்போது போகலாம் என்றுதான் இருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிற ஃபெட் (PhET) என்ற இணையதளம் வேறு மாதிரி. இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, இலவசம், விளம்பரம் கிடையாது, அதில் உள்ள விளையாட்டுகள் பலவற்றை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், சில தமிழிலும் கிடைக்கின்றன. எண் அட்டைகளைப் பிரித்து, சேர்த்து, பத்தாக்குகிற ஒரு விளையாட்டு அதில் உண்டு. 8-ம் 6-ம் இருந்தால் ஆறில் இருந்து இரண்டை இழுத்து எட்டோடு சேர்க்க வேண்டும், பத்தும் நாலும் ஆகிவிடும். அந்த இழுப்புதான் விளையாட்டு, அந்த இழுப்புதான் கணக்கும். பின்னத்துக்கும் அப்படித்தான், துண்டுகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கி நீங்களே பின்னத்தைக் கட்டலாம். 1/4 பெரிதா 1/3 பெரிதா என்றால் நாலு பெரிது என்று சொல்கிற பிள்ளைகள் அங்கே துண்டை அடுக்கிப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போவார்கள். நான் அதோடு விடமாட்டேன், பின்னாலேயே கடலைமிட்டாயைக் கொண்டுவந்து உடைக்கச் சொல்வேன், அப்புறம் நோட்டில் வரையச் சொல்வேன். மூன்று இடத்திலும் ஒரே பின்னம்தான் என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை அந்தப் பாடம் முடியாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. தமிழில் இருபது என்றால் இரண்டு பத்து, முப்பது மூன்று பத்து, எழுபது ஏழு பத்து. எண்ணின் பெயருக்குள்ளேயே இடமதிப்பு உட்கார்ந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற கணக்கு விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பேசுகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் ஒன்றாகவே விழுகிறது, 13-ஐத் தொடச் சொன்னால் 30-ஐத் தொடுகிறார்கள், கணக்குத் தெரியாது என்று செயலி முடிவு கட்டிவிடுகிறது. தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு, தொண்ணூறு. அதற்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொண்ணூற்றைந்தைச் சொன்னால் நூறு என்று காதில் விழுந்து 1005 என்று எழுதிய பிள்ளை என்னிடம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளை நினைத்து ஒருவர் விளையாட்டுச் செய்தால் இருபது, முப்பதின் பலத்தை எடுத்துக்கொள்வார், தொண்ணூறில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். ஆங்கில விளையாட்டில் எழுத்தை மட்டும் தமிழாக்கினால் இது எப்படி வரும்?

விளையாட்டென்றாலே திரை என்று ஆகிவிட்டதும் எனக்கு வருத்தம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமனி, சீக்லர் இருவரும் 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகள், 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட ஒரு அட்டை, இரண்டு வாரத்தில் நாலு தடவை, தடவைக்கு 15 நிமிடம்போல விளையாட்டு. எண்ணறிவு தெளிவாகக் கூடியது, ஒன்பது வாரம் கழித்தும் இருந்தது. அதில் ஒரு விதி உண்டு. 5-இல் இருந்து இரண்டு கட்டம் நகர்ந்தால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணக்கூடாது, "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர வேண்டும். நம் பரமபதத்தில் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணி நகர்வார்கள். நான் இந்த விதியைக் கொண்டுவந்தேன். அத்தோடு பரமபதம் வளைந்து வளைந்து போவதால் மேல் கட்டம் பத்து கூடுதல் என்பது தெரியாது, அதனால் சிமென்ட் தரையில் சாக்பீஸால் 1 முதல் 100 வரை வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரியும் இடமிருந்து வலமாக எழுதிவிட்டேன். ஒரு கட்டம் மேலே குதித்தால் பத்து கூடும். இப்போது 34-இல் நிற்கிற பிள்ளை பத்து கூட்டச் சொன்னால் விரலை எண்ணுவதில்லை, குதிக்கிறது. செலவு ஒரு பெட்டி சாக்பீஸ்.

பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பிள்ளை கையில் போனைக் கொடுத்து "கணக்கு ஆப் விளையாடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். வேலை இருக்கும், எனக்குத் தெரியும், கூலிக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வருகிற அம்மாக்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, விடையைத் தொடுவதற்கு முன்னால் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்லத் தொடங்கினாலே பாதி தப்பு அதுவாகவே தெரிந்துகொள்ளும். அப்புறம் இலவச விளையாட்டுகளில் நடுவில் வருகிற விளம்பரங்களையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் வீட்டில் கூட்டல் விளையாடும்போது கடன் தருகிற செயலியின் விளம்பரத்தைத் தொட்டு, அவன் அப்பா போனில் அது இறங்கியே விட்டது.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு டேப்லெட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் தொட வேண்டும், மற்றவர் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்லாமல் தொடக்கூடாது. சத்தமாகத்தான் இருக்கிறது, பக்கத்து அறை டீச்சர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினைந்து நிமிடம் ஆனதும் திரையை அணைத்துவிட்டு, விளையாட்டில் வந்த ஒரு கணக்கை நோட்டில் எழுதி, பக்கத்தில் குச்சிக் கட்டும் வரைய வேண்டும். அந்தப் பிள்ளை நேற்று 52-க்குப் பக்கத்தில் ஐந்து கட்டு வரைந்து, ஒரு கட்டின் மேல் மட்டும் ரப்பர் பேண்டை அறுந்த மாதிரி வரைந்திருந்தாள். கீழே 25.

தமிழில் பேசுகிற, கட்டைப் பிரிக்க விடுகிற, கடிகாரமும் விளம்பரமும் இல்லாத ஒரு கழித்தல் விளையாட்டு உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். செய்யத் தெரிந்த தம்பி தங்கைகள் இருந்தால் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு நாள் இந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். குச்சி நாங்கள் தருகிறோம்.