கொம்பு ஒரு மூலை, புள்ளி ஒரு மூலை

“தமிழ் தற்போது நாங்கள் ஆதரிக்கும் மொழிகளில் இல்லை. உங்கள் பொறுமைக்கு நன்றி.” வடிவங்களைத் தாளில் வெட்டித் தரும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன்; அதன் மென்பொருளில் தமிழ் எழுத்து உடைகிறது என்று எழுதியதற்கு அந்த நிறுவனத்திடமிருந்து இன்று காலை வந்த பதில் இவ்வளவுதான். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று இவர்களிடம் யார் சொன்னார்கள்? எந்த எழுத்து எந்த இடத்தில் உடைகிறது என்று படம் பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். ஒரு வட்டத்தையாவது யாரேனும் பார்த்திருப்பார்கள் என்பதற்கு அந்தப் பதிலில் அடையாளமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விசேஷம். இன்று வெள்ளி.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். காட்பாடி ரோட்டில் மண்டபம். முதல் பந்தியில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் இலைக்கு முன்னால் பெயர் எழுதிய அட்டை வைப்பது என்று முடிவெடுத்தேன். இதைக் கேட்டதும் “இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்” என்று முகத்தைச் சுளித்தவர்கள் உண்டு. நம் பந்திப் பழக்கத்தை நான் சொல்லட்டுமா? ரசம் ஊற்றும்போதே பின்னால் ஒருவர் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோர் வருவதற்குள் நம் தோளுக்கு மேலாக இலையை எட்டிப் பார்ப்பார். எழுந்தவுடன் பாய்ந்து உட்காரத் தெரிந்தவருக்குத்தான் சாப்பாடு. முட்டி வலிக்காரர்களும் கைத்தடிக்காரர்களும் மூன்றாம் பந்தி வரை சுவரோரமாக நிற்க வேண்டியதுதான். ஆம்பூரில் நடந்த ஒரு கல்யாணத்தில் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஈரத்தில் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். “பரவாயில்லம்மா, எனக்குப் பசியில்ல” என்றார். பொய். எங்கள் வீட்டு விசேஷத்திலும் அவர் அப்படி நிற்பதை நான் பார்க்க மாட்டேன். இந்த இடம் இன்னாருடையது என்று பெயரே சொல்லட்டும். மீறி உட்கார எவருக்கு மனம் வருகிறது என்று பார்க்கிறேன்.

அட்டைக்கு வேலூர்க் கோட்டையைத்தான் வடிவமாக எடுத்தேன். அதனுள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் வெகுகாலம் மூலவர் இல்லாமலே இருந்தது. சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தது 1981-ல். அப்பாவுக்கு அப்போது மீசை அரும்பும் வயது. அத்தைதான் அவரைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தில் முண்டிப் போய்ப் பார்த்தாராம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசப்படும் கதை அது. அட்டையில் கோபுரம், அதன் இருபுறமும் கோட்டை மதில், அடியில் அகழி நீருக்கு நீலத் தாள், அதற்குக் கீழே வண்ணத் தாளில் வெட்டி ஒட்டும் பெயர்.

வடிவம் அருமையாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு மடிப்பு அட்டை. நடுவில் மடிப்புக்கான கோடு ஒன்றை வெட்டாமல் அழுத்தி மட்டும் விடவேண்டும். கோபுரமும் மதிலும் வருகிற பகுதியில் அந்த மடிப்புக் கோடு போடாமல் வெளிவிளிம்பை வெட்டவேண்டும். மடித்து நிறுத்தினால் அட்டை பின்னால் சாய, கோபுரம் மட்டும் மடிப்புக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். ஜெராக்ஸ் தாளின் கனம் 80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்; நிறுத்தினால் துவண்டு விழும். 220-க்குக் குறையாமல் வேண்டும். கடைவீதியில் கேட்டால் எல்லாக் கடையிலும் பள்ளிக்கூட சார்ட் தாளை உருவிக் காட்டுகிறார்கள். கனம் எவ்வளவு என்று கேட்டால் விரலால் தடவிப் பார்த்து “நல்ல கனம்மா” என்கிறார்கள். சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

இனி பெயருக்கு வருகிறேன். அத்தையின் பெயர் கோவிந்தம்மாள்.

இதை அந்த இயந்திரத்தின் மென்பொருளில் தட்டச்சு செய்து பாருங்கள். ‘க’ தனியாக நிற்கும். கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும். இப்படித்தான் அது முதல் நாளிலிருந்து. அதனால் நான் சுற்றுவழியில் போனேன். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பெயரை எழுதி, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, அதை இயந்திரத்தின் மென்பொருளுக்குள் இழுத்து, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்து வைத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் இதே சடங்கு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நேராகத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். செய்தேன், குறை சொல்லாமல் செய்தேன். எல்லாப் பெயரும் தயாராகிவிட்டன.

நேற்று மாலை மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. என்னைக் கேட்கவில்லை. ‘பிறகு’ என்று ஒரு பொத்தான்கூடக் கிடையாது. இணையம் இல்லாமல் அது திறக்காது. இணையத்தில் திறந்தால் புதுப்பிக்காமல் விடாது.

திறந்தேன். திரையில் பெயர்கள் சரியாகத்தான் தெரிந்தன. கோவிந்தம்மாள், கொம்பு கொம்பின் இடத்தில், புள்ளி புள்ளியின் இடத்தில். நல்ல அரக்கு நிறத் தாளை, ‘மேட்’ என்கிற பசை தடவிய விரிப்பில் ஒட்டி இயந்திரத்துக்குள் தள்ளினேன். இயந்திரம் உறுமிக்கொண்டு வெட்டியது. வெளியே இழுத்துப் பார்க்கிறேன்: தாளின் மேல்பக்கம் முழுவதும் கொம்புகள். எல்லாருடைய கொம்புகளும். அதன் கீழே கால்கள், வரிசையாக. அதற்கும் கீழே ‘ம’ எல்லாம் ஒரு கூட்டம், ‘த’ எல்லாம் ஒரு கூட்டம். வலது கீழ் மூலையில், ஒரு தபால்தலை அளவு இடத்தில், எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் அத்தனை பேரின் புள்ளிகளும் நெருக்கியடித்துக்கொண்டு குவிந்து கிடந்தன.

காரணம் இதுதான். பேப்பர் மிச்சம் பிடிப்பதற்காக அந்த மென்பொருள் துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்து நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். இணைத்து வைத்தவற்றை மட்டும் இடம் மாற்றாது. புதுப்பிப்பில் நான் இணைத்து வைத்தவை அத்தனையும் அவிழ்ந்துபோய்விட்டன. திரையில் மட்டும் சேர்ந்திருப்பதாகக் காட்டிவிட்டு, வெட்டும்போது கலைத்துப் போட்டிருக்கிறது. மறுபடி இணைத்தேன், மென்பொருள் மூடிக்கொண்டது. திறந்து மறுபடி இணைத்தேன், மறுபடி மூடிக்கொண்டது.

சரி, வெட்டிய துண்டுகளை வைத்தே கையால் கோத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் புள்ளியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர். இந்த இயந்திரங்களின் பிளேடு முனை தண்டின் நடுவில் இருக்காது. சற்று விலகி இருக்கும், இழுபட்டுத் திரும்பித் திரும்பித்தான் வளைவுகளை வெட்டும். இத்தனை சிறிய வட்டத்தில் திரும்ப அதற்கு இடமே இல்லை. பாதிப் புள்ளிகள் நார் நாராகப் பிய்ந்திருந்தன. மீதியை மேட்டிலிருந்து இடுக்கியால் எடுக்கவேண்டும். கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் மேட்டுப் பசை என்ன கதியாகும்? 40 டிகிரியைத் தாண்டிய பகலின் சூடு ராத்திரியும் சுவரைவிட்டு இறங்கவில்லை. பசை இளகி, தாளோடு கொழகொழவென்று வருகிறது. மேட்டை வளைத்துத் தாளை விடுவிக்கவேண்டும் என்ற விதியெல்லாம் பெரிய துண்டுகளுக்குத்தான் உதவும். மின்விசிறியைப் போட முடியாது. போட்டால் புள்ளிகள் பறந்துவிடும். கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, வியர்வை தாளில் விழாமல் இருக்க நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி கதவைத் திறந்து “என்னக்கா செய்யுற?” என்றான். அந்தக் காற்றுக்கே மூலையில் இருந்த குவியலில் பாதி போய்விட்டது.

இந்த நிலையில் ஒருத்திக்குக் கிடைக்கும் அறிவுரைகளைக் கேளுங்கள். “இங்கிலீஷ்ல போட்டா என்ன?” என்று தம்பி. “புள்ளி இல்லாமலே ஒட்டிடும்மா, ஓலைச்சுவடியில புள்ளியே கிடையாது” என்று சித்தப்பா. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சொன்னது உண்மைதான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று சுவடி எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். ‘கொ’வும் ‘கோ’வும்கூட ஒரே மாதிரிதான் இருந்தன, மேலே சுழித்த கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொடுத்தது. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் சுவடியைப் படித்தவர்கள் அதற்கென்றே பாடம் கேட்டவர்கள். ‘கோவிநதமமாள’ என்று எழுதி இலைக்கு முன்னால் வைத்தால் அத்தை என்ன செய்வார்?

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. குடியாத்தத்தில் தீப்பெட்டி ஒட்டியவர். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது, நாற்பதை ஒட்டிய வயதில், தெருவிளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார். முதலில் கற்றது தன் பெயர். அந்தக் கொம்பை முதலில் போட்டு, பிறகு ‘க’ எழுதி, பிறகு கால் இழுத்து, கடைசியில் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வைப்பார். இன்றைக்கும் வங்கியில் கைரேகை மையை நீட்டினால் தள்ளிவிட்டுப் பேனா கேட்பார். அவர் முன்னால் ஆங்கில அட்டையை வைக்கச் சொல்கிறார்களே, வாய் கூசவில்லையா? பக்கத்து இலைக்காரரிடம் “இதில் என் பெயர்தானா?” என்று அவர் கேட்கவேண்டுமா? அவர் நிற்கக் கூடாது என்றுதானே இவ்வளவும் செய்கிறேன்!

நாம் கேட்பது என்ன பெரிய வரமா? 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். ஈயத்தில் வார்த்துக் கையால் கோத்தவர்களுக்குக் கொம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரிந்திருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான குறியீடான யூனிகோடில், 1991-ல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. உயிர்மெய்யில் மெய்யைத்தான் முதலில் சேமிக்கும், கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வரைவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனும் ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் அதை வைத்துத்தான் தமிழைக் காட்டுகின்றன. எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவின் பழைய போனில் ‘கோ’ ஒழுங்காகத் தெரிகிறது. 25,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் தெரியவில்லை. பணத்தை நம் கையிலிருந்து வாங்கும்போது மட்டும் இந்த மொழிக்காரி, அந்த மொழிக்காரி என்ற பேதமே இல்லை.

இயந்திரத்திலேயே பேனாவை மாட்டிப் பெயரை எழுதவைக்கலாமே என்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. எழுத்துருவில் இருப்பது வெளிக்கோடு, ஆகவே பேனா ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிச் சுற்றி வரைந்து உள்ளே வெறுமையாக விடுகிறது. ஒற்றைக் கோட்டில் எழுதும் தமிழ் எழுத்துரு தேடிய இடங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் அப்படி எழுத்துருக்கள் கொட்டிக் கிடக்கின்றன.

இப்போது பெயர் முழுவதையும் ஒரே துண்டாக வெட்டுவதற்கு வழி செய்துகொண்டிருக்கிறேன். எழுத்துகளின் அடியில் அகழிக் கரையாக ஒரு பட்டையை இழுத்து, கொம்பு, கால், எழுத்து எல்லாவற்றையும் அதில் பற்றவைத்து, புள்ளிகளை எழுத்தின் தலையோடு மெல்லிய காம்பால் சேர்த்துவிட்டால் எந்த மென்பொருளாலும் கலைக்க முடியாது. பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. எல்லாப் பெயரையும் முதலிலிருந்து வரையவேண்டும். அதைத் தொடங்கிய நேரத்தில் மின்சாரம் போனது. அந்த இருட்டில் போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதும்போதே மண்டபத்திலிருந்து அழைப்பு. மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கியை எங்கே வைப்பார்களாம் தெரியுமா? பெரியவர்கள் சாப்பிடும் வரிசையின் தலைமாட்டில். அங்கேதான் பிளக் இருக்கிறதாம். சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு எதற்கு என்று கேட்டால், “எல்லாரும் கேக்குறாங்க மேடம்” என்கிறார். யார் கேட்டார்கள்? பக்கத்தில் இருப்பவரிடம் சாம்பார் வேண்டுமா என்று கேட்கக்கூடக் கத்தவேண்டியிருக்கிறதே, அதை யார் கேட்டார்கள்? ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பேச வேண்டிய சொந்தக்காரர்களிடம் சைகை காட்டிவிட்டுத் திரும்புகிறோம். அத்தைக்கு ஒரு காது ஏற்கெனவே மந்தம், நல்ல காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் இவர்கள் பெட்டியை வைப்பார்கள். நாளைக் காலை நேரில் போய் அந்தப் பிளக்கைப் பார்க்கிறேன். மின்சாரம் வந்துவிட்டது, மேட்டைத் துடைக்கவேண்டும்.