கடைசிப் பத்து நிமிஷம்

நோன்பு வந்தால் முகநூலில் ஒரு சண்டை தவறாமல் வரும். நோன்பு தொடங்கும் விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்போது கையில் தண்ணீர் இருந்தால் குடிக்கலாமா, கூடாதா? ஒரு பக்கம் ஹதீஸ் (நபிமொழி), மறுபக்கம் மத்ஹப் (சட்டவழி) கிதாபு. நாலு நாளைக்குக் கமென்ட் ஓடும். ஓடட்டும். என் கேள்வி வேறு. அந்த நேரத்தில் வாயில் சோற்றோடு இருப்பது வீட்டில் யார்?

எங்கள் வீட்டில் முன்பு உம்மா. இப்போது நான்.

இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளைக் குளிரில் ஸஹருக்கு, அதாவது நோன்புக்கு முந்திய விடிகாலைச் சாப்பாட்டுக்கு, மூன்றரைக்கு எழும்பி, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். சோற்றை வடித்து, ராத்திரி ஆணத்தை (குழம்பை)ச் சூடாக்கி, மாமியை எழுப்பி, பிள்ளைகளை இரண்டு தரம் எழுப்பி, உட்கார்ந்தபடியே தூங்குகிற சின்னவனின் வாயில் ஊட்டி, "தயிர் இல்லையா", "பிளேன்டியில சீனி காணாது" எல்லாவற்றையும் கேட்டு முடித்து நான் பீங்கானோடு உட்காரும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரக்கும்: "இம்ஸாக் நேரமாகிவிட்டது, உண்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்." இம்ஸாக் என்றால் பாங்குக்குக் கொஞ்சம் முன்னரே சாப்பாட்டை நிறுத்துவது. பாங்குக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்.

உம்மா அந்தச் சத்தத்தோடு கையைக் கழுவிவிடுவார். பாதிச் சோறு கோழிக்குப் போகும். நானும் அதுதான் சட்டம் என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

சட்டம் அதுவல்ல. குர்ஆனின் சூரா பகரா 187ஆம் வசனம் உண்ணவும் பருகவும் விடுகிற எல்லை, வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து "தெளிவாகும் வரை". நபித்தோழர் அதீ இப்னு ஹாதிம் (ரழி) இதைக் கேட்டு நிஜமாகவே இரண்டு கயிற்றைத் தலையணைக்குக் கீழே வைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபியவர்கள் (ஸல்) விளக்கினார்கள். பிலால் (ரழி) இரவிலேயே பாங்கு சொல்வார், இப்னு உம்மி மக்தூம் சொல்லும் வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்பதும் நபிமொழிதான். இப்னு உம்மி மக்தூம் (ரழி) கண் தெரியாதவர். விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் பாங்கு சொல்வார்.

இம்ஸாக்குக்கு ஆதாரமாகக் காட்டுவது நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) சொன்ன செய்தியை. ஸஹருக்கும் தொழுகைக்கும் நடுவில் ஐம்பது ஆயத்து (வசனம்) ஓதும் நேரம் இருந்தது என்பார். அழகான நடைமுறை, முடிந்தவர்கள் பின்பற்றட்டும். ஆனால் முன்னெச்சரிக்கையான பேணுதல் வேறு, ஹராம் வேறு. இரண்டையும் ஒரே மைக்கில் ஒரே குரலில் சொன்னால் பசியோடு நோன்பு பிடிப்பது கடைசியாக உட்காருகிற பெண்தான்.

அதற்காக மறுபக்கத்துக்கு ஓடுகிறவர்களையும் விடுவதாயில்லை. "உங்களில் ஒருவர் பாங்கைக் கேட்கும்போது பாத்திரம் கையில் இருந்தால், தேவை முடியும் வரை அதைக் கீழே வைக்க வேண்டாம்" என்ற அபூஹுரைரா (ரழி) அறிவிப்பு அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அது பஜ்ருக்கு (வைகறைக்கு) முந்திய பாங்கைப் பற்றியது என்றே பெரும்பாலான இமாம்கள் விளங்கியிருக்கிறார்கள். நாம் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி தெளிவாக எழுதியிருக்கிறார்: பஜ்ர் உதயமாகும்போது வாயில் உணவு இருந்தால் துப்பிவிட வேண்டும், நோன்பு கூடும். தெரிந்தே விழுங்கினால் முறியும். விடிந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் சாப்பிடலாம், ஆனால் விடிந்த பிறகுதான் சாப்பிட்டோம் என்று பின்னர் உறுதியானால் கழாச் செய்ய (இன்னொரு நாள் பிடித்து ஈடுகட்ட) வேண்டும். உம்மும்மா (உம்மாவின் உம்மா) ஸஹர் முடித்து வெற்றிலை போடுவார். வாயைக் கொப்பளித்துத் துப்பி, துணியால் நாக்கைத் துடைத்து, எச்சில் வெள்ளையாக வரும் வரை விடமாட்டார். சிவந்த எச்சிலை விழுங்கினாலும் நோன்பு போகும் என்று அவருக்கு எந்தக் கிதாபும் படிக்காமலே தெரிந்திருந்தது.

என் தம்பி கொழும்பில் வேலை. போன நோன்பில் லீவில் வந்திருந்தான். எங்கள் பள்ளியில் பாங்கு சொல்ல ஆரம்பித்தாயிற்று, இவன் ஃபோனைக் காட்டி "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு ராத்தா" என்று சோற்றைப் பிசைகிறான். வாங்கிப் பார்த்தால் செயலி இன்னும் கொழும்பிலேயே நிற்கிறது. கிழக்கே ஒரு பாகை போனால் நாலு நிமிஷம் முந்தி விடியும். பண்டாரவளை கொழும்பை விட ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூடக் கிழக்கே இருக்கிறது. அவனுக்கு மிச்சமிருந்த அந்த நாலு நிமிஷம் இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. ஜம்இய்யத்துல் உலமா (மார்க்க அறிஞர் சபை) மாவட்டங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து நேர அட்டவணை போடுவது சும்மாவா? பிறகு ஹதீஸை எடுத்தான். "கையில இருந்த பாத்திரம் சரி தம்பி, அடுப்பில இருக்கிற பாத்திரத்தையும் சேர்த்தா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே துப்பினான். அதே செயலியைப் பார்த்து மஃரிபுக்கு (அந்திக்கு) நாலு நிமிஷம் பிந்தி நோன்பு துறந்திருக்க வேண்டியவன், அந்த நேரம் மட்டும் உள்ளூர்ப் பாங்கையே கேட்டான்!

வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்பார்கள் சிலர். வாருங்கள், எங்கள் வாசலில் நின்று பாருங்கள். கிழக்கே மலை. மலைக்கு இந்தப் பக்கம் பனிமூட்டம். ஓநாய் வால் போல நெட்டுக்கு எழும் பொய் வைகறையும் தெரியாது, அடிவானத்தில் குறுக்கே பரவும் உண்மை வைகறையும் தெரியாது. எதிர் லயத்து (தோட்ட வீட்டு வரிசை)க் குழாயடி லைட் மட்டும் மங்கலாகத் தெரியும். நமக்கு நம் மாவட்டத்து அட்டவணைதான் நூல்.

அதனால் எங்கள் பள்ளி நிருவாகத்திடம் ஒரு வேண்டுகோள். "நிறுத்துங்கள்" என்று சொல்லாமல், "பாங்குக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, சாப்பிடாதவர்கள் சாப்பிடுங்கள்" என்று சொல்லுங்களேன். ஸஹரில் பரகத் (அருள்) இருக்கிறது என்ற ஹதீஸ் குசினியில் நிற்கிறவளுக்கும் சேர்த்துத்தானே.

நேற்று ஸஹருக்கு என் பீங்கானை முதலில் போட்டேன். மூத்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "உம்மா, ஆணம்?" என்றான்.

"சட்டியில இருக்கு. கரண்டி பக்கத்துல."