ஃபோர்ட்ரான் 77-இல் எல்.இசட்.டபிள்யூ: அணிகளே போதும்
சுட்டிகளும் (நினைவக முகவரியைக் காட்டும் மாறிகள்) தன்னழைப்பும் (ஒரு துணைநிரல் தன்னையே அழைப்பது) இல்லாத பழைய நிரல்மொழியான ஃபோர்ட்ரான் 77-இல், கோப்புகளைச் சிறிதாக்கும் எல்.இசட்.டபிள்யூ சுருக்க முறையை எழுதுவது வீண்வேலை என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1984-இல் டெர்ரி வெல்ச் வெளியிட்ட இம்முறையில், எழுத்துச் சரங்களுக்கு எண் குறியீடு தரும் அகராதியின் ஒவ்வொரு புதிய பதிவும் பழைய குறியீடு ஒன்றும் அதன் பின் ஒட்டும் எழுத்து ஒன்றும் மட்டுமே என்பதால், 12 பிட் குறியீடுகளுக்கு 4096 இடங்கள் கொண்ட இரண்டு முழு எண் அணிகள் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியல்கள்) போதும். சுருக்கியதை விரிக்கும்போது ஒவ்வொரு சரத்தையும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பதால் எழுத்துகள் தலைகீழாகக் கிடைக்கும். அவற்றை மூன்றாவது அணியில் அடுக்கி மேலிருந்து எடுத்தால் தன்னழைப்புக்கு வேலையே இல்லை. பிட் செயல்பாடுகள் அம்மொழியின் தரநிலையில் இல்லைதான். ஆனாலும் முதல் குறியீட்டை 4096-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி, பிறகு 256-ஆல் மீண்டும் வகுத்து மீதிகளை எடுத்தால் இரண்டு குறியீடுகள் மூன்று பைட்டுகளில் அடங்கிவிடும்.

நான் எழுதியபோது உண்மையில் இடறிய இடம் வேறு. ஆங்கில ‘ஏ’ மூன்று முறை மட்டும் வரும் கோப்பைச் சுருக்கினால் 65 (‘ஏ’), 256 (புதிதாகச் சேர்ந்த ‘ஏஏ’) என்ற இரு குறியீடுகள் கிடைக்கின்றன. விரிக்கும் நிரல் 256-ஐப் படிக்கும் நேரத்தில் அந்தப் பதிவு அதன் அகராதியில் இன்னும் ஏறியிருக்காது. அப்போது முந்தைய சரத்தோடு அதன் முதல் எழுத்தையே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் வரும் இச்சிக்கலைக் கட்டுரை தொடவேயில்லை என்பதுதான் என் வருத்தம்.