ஆகஸ்டு 31 முடிந்ததும் கொடியைக் கழற்றிவிடாதீர்கள்

செப்டம்பர் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பாதி வீடுகளில் மலேசிய தேசியக் கொடியான ஜாலோர் கெமிலாங்கைக் காணோம். கார்க் கொடிகளின் கதி இன்னும் மோசம். ஆகஸ்டு தொடக்கத்தில் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிக் கண்ணாடியில் செருகியவை, நெடுஞ்சாலைக் காற்றில் ஓரம் நைந்து, லாரிப் புகையில் வெள்ளைக் கோடெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் குச்சி மட்டும் நிற்கிறது. மலேசிய தினமான செப்டம்பர் 16 வரை பறக்கவிடுங்கள் என்று அரசாங்கமும் சொல்லத்தான் செய்கிறது. நம்மவர்களுக்கோ தொலைக்காட்சியில் அணிவகுப்பு முடிந்தால் எல்லாம் முடிந்தது. அப்புறம் தீபாவளி மலிவு விற்பனைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். 1957 ஆகஸ்டு 31 மலாயா கூட்டரசு விடுதலை பெற்ற நாள். மலேசியா என்ற நாடு உருவானது 1963 செப்டம்பர் 16. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனாலும் ஆண்டுதோறும் 1957இலிருந்து விரல்விட்டு எண்ணி, "மலேசியத் திருநாட்டுக்கு இத்தனையாவது பிறந்தநாள்" என்று ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். போர்னியோ தீவில் இருக்கிற சபாக்காரரும் சரவாக்காரரும் இதைப் பார்த்துச் சலித்துப்போய்விட்டார்கள். அவர்கள் இந்தக் கூட்டரசுக்குள் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர்களுக்கும் சேர்த்துப் பிறந்தநாள் கொண்டாடுகிறோமே, அது எப்படி?

முதலில் அந்த 1957ஐக் குறைத்துச் சொல்ல வரவில்லை என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிரிட்டிஷாரோடு லண்டனில் பேசி முடித்துவிட்டு வந்த துங்கு அப்துல் ரஹ்மான், நாட்டின் முதல் பிரதமரானவர், 1956 பிப்ரவரி 20 அன்று மலாக்கா திடலில் கூடியிருந்த கூட்டத்திடம்தான் விடுதலை நாளை அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30 நள்ளிரவு, கோலாலம்பூரில் இன்று மெர்டேகா சதுக்கம் என்று அழைக்கப்படும் கிளப் திடலில் விளக்குகளை அணைத்தார்கள். விளக்கு மறுபடி எரிந்தபோது பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இறங்கியது, புதுக்கொடி ஏறியது. மறுநாள் காலை மெர்டேகா அரங்கில் துங்கு கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேகா" (விடுதலை) என்று முழங்கினார். அந்த ஒலிப்பதிவை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். துப்பாக்கி ஏந்தி அடித்துப் பிடுங்காமல், மேசையில் உட்கார்ந்து பேசி வாங்கிய சுதந்திரம். அதில் நமக்குப் பெருமை இருக்கக்கூடாதா என்ன?

ஆனால் அன்று நள்ளிரவு ஏறிய கொடியைப் பழைய படங்களில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் 11 கோடுகள்தான், நட்சத்திரத்துக்கு 11 முனைதான். அப்போதிருந்த 11 மாநிலங்களுக்காக அது. இன்று நம் வீட்டு வாசலில் தொங்கும் கொடியில் 14 கோடும் 14 முனையும் இருக்கின்றன. சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த 1963 செப்டம்பர் 16 அன்றுதான் அது 14 ஆனது. ஆகஸ்டு 31க்கென்று நாம் மாட்டுகிற கொடியே செப்டம்பர் 16இன் கொடி. அதை 16 வருவதற்குள் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம்! கொடியைத் தலைகீழாக மாட்டிவிட்டார் என்று ஒரு கடைக்காரரைப் பிடித்துச் சமூக ஊடகத்தில் காய்ச்சி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோடுகளின் கணக்கு தெரியும் என்று கேட்டுப் பார்க்க ஆசை.

அந்தச் செப்டம்பர் 16உம் சும்மா வந்துவிடவில்லை. 1961 மே 27 அன்று சிங்கப்பூரில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் நடுவில் துங்கு இவற்றையெல்லாம் ஒரே நாடாகச் சேர்க்கும் யோசனையைச் சொன்னார். அடுத்த ஆண்டு கோபல்ட் ஆணையம் சபாவுக்கும் சரவாக்குக்கும் போய் மக்களைக் கேட்டது. 1963 ஜூலை 9 அன்று லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடு உதயமாவதாக முதலில் குறித்த நாள் ஆகஸ்டு 31தான். இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் எதிர்ப்புத் தெரிவித்ததால், மக்கள் உண்மையிலேயே சேர விரும்புகிறார்களா என்று பார்க்க ஐநா குழு ஒன்று வந்தது. அந்த வேலை முடிய வேண்டும் என்பதற்காகத் தேதி செப்டம்பர் 16க்குத் தள்ளிப்போனது. புருணை கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டது. சிங்கப்பூர் இரண்டு ஆண்டுகள் கழித்து 1965 ஆகஸ்டு 9 அன்று பிரிந்துபோனது. இவ்வளவு இழுபறி நடந்த கல்யாணம் இது. இதைத்தான் ஆகஸ்டு 31இன் வால் மாதிரி நடத்துகிறோம்.

இந்தப் பேச்சில் நான் எப்போதும் கொண்டு வந்து நிறுத்துவது கெனிங்காவ் கல்லைத்தான். சபாவின் உட்பகுதியில் இருக்கிற ஊர் கெனிங்காவ். புதிய நாட்டில் சேரலாமா என்று அங்கிருந்த உட்பகுதி மக்களுக்கு நிறையத் தயக்கம். கடலோரத்தில் இருக்கிற தலைவர்கள் லண்டனில் தாளில் கையெழுத்துப் போட்டது அவர்களுக்குப் போதவில்லை. எங்களுக்குத் தரும் வாக்கைக் கல்லில் எழுதுங்கள் என்றார்கள். எழுதினார்கள். சபாவில் சமயச் சுதந்திரம் இருக்கும். சபாவின் நிலம் சபா அரசாங்கத்தின் அதிகாரத்தில் இருக்கும். மண்ணின் மக்களுடைய பழக்கவழக்கங்களை அரசாங்கம் மதித்துக் காக்கும். பதிலுக்கு உட்பகுதி மக்கள் மலேசிய அரசாங்கத்துக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்கிறார்கள். அவ்வளவுதான் வாசகம்.

1964 ஆகஸ்டு 31 அன்று அந்தக் கல்லைத் திறந்து வைக்கக் கூட்டரசின் சார்பில் போனவர் யார் தெரியுமா? அன்றைய தொழிலாளர் அமைச்சர் மாணிக்கவாசகம். பின்னாளில் மஇகாவின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) தேசியத் தலைவரான அதே மாணிக்கவாசகம். மத்திய அரசாங்கத்தின் வாக்குக்குச் சாட்சியாகக் கெனிங்காவில் போய் நின்றவர் ஒரு தமிழர். நம் தமிழ்ப்பள்ளி மேடைகளில் தேசிய தினப் பேச்சுப்போட்டி நடக்காத ஆண்டு கிடையாது. இந்தச் செய்தியை ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. எழுதிக் கொடுக்கிற பெரியவர்களுக்குத் தெரிந்தால்தானே பிள்ளை சொல்லும்.

அந்தக் கல்வெட்டில் "மலேசிய அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கிறது" என்ற பொருள் தரும் சொற்கள் நெடுங்காலம் விடுபட்டிருந்தன. ஊர் மக்கள் விடாமல் கேட்டுப் பின்னர்தான் அவற்றைச் சேர்த்தார்கள். ஒரு நாடு உருவானதை நினைவுகூர்வது என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. வாணவேடிக்கை இல்லை, ஜெட் விமானச் சாகசம் இல்லை. சொன்ன வாக்கு கல்லில் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் படித்துப் பார்க்கிற மக்கள்.

செப்டம்பர் 16ஐ நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக்கவே 2010 வரை ஆனது. அதாவது 47 ஆண்டுகள். சரவாக் தன் பங்குக்கு 2016 முதல் ஜூலை 22ஐ மாநில விடுமுறையாக்கிச் சரவாக் தினம் கொண்டாடுகிறது. 1963இல் தங்களுக்குச் சுயாட்சி வந்த நாள் அது என்பது அவர்கள் கணக்கு. சபாவுக்குச் சுயாட்சி வந்தது 1963 ஆகஸ்டு 31. ஆக, ஒரே ஆகஸ்டு 31தான், கோலாலம்பூரில் அதற்கு ஓர் ஆண்டு, கோத்தா கினாபாலுவில் வேறோர் ஆண்டு. 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி 1963 ஒப்பந்தத்தை அதில் குறிப்பிட்டது. தேசிய அளவிலான மலேசிய தின விழாவையும் இப்போது ஊர் மாற்றி நடத்துகிறார்கள். 2023இல் கூச்சிங், 2024இல் கோத்தா கினாபாலு. சட்டம் மெதுவாகவாவது நகர்கிறது. தீபகற்பத்தில் இருக்கிற நாம்தான் ஆகஸ்டு 31இலேயே நிற்கிறோம்.

சரி, ஒரு தமிழனுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நமக்கும் இந்தத் தேதிகளோடு ஒரு வழக்கு இருக்கிறது.

1957 அரசியலமைப்பின்படி மெர்டேகா நாளிலோ அதற்குப் பிறகோ மலாயாவில் பிறந்த பிள்ளை தானாகக் குடிமகன். அந்தத் தாராளமும் 1962 வரைதான். அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மெர்டேகாவுக்கு முன்பே பிறந்தவர்களில் ஏராளமானோர் மனுப் போட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. எங்கள் தாத்தாவுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, பாட்டிக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை. ரப்பர் தோட்டத்தில் ஒரே லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), ஒரே வீடு, ஒரே பால்வாளி. மனு எழுத ஆள் வந்த அன்று தாத்தா தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்லிவிட்டுப் போய் நின்றார், கேட்ட கேள்விக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னார். பாட்டி பால்வெட்டுக்குப் போயிருந்தார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் வருவார்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, கடைசிவரை அப்படியே போய்விட்டது. பிற்பாடு விண்ணப்பித்தபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அதற்கு எங்கே போவது? தன் எட்டுப் பிள்ளைகளும் ஓட்டுப் போட்டுவிட்டு வருவதைத் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேசிய கீதம் வானொலியில் வந்தால் எழுந்து நிற்பார், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் அதிசயமானதல்ல. அந்தக் காலத்துத் தோட்டங்களில் இப்படி வீட்டுக்கு வீடு உண்டு. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் இன்றைக்கும் பெரியவர்கள் முகம் மாறும். மேடையில் துங்குவின் முழக்கம், இங்கே லயத்தில் நாளைக்கு வேலை உண்டா என்ற கேள்வி. அப்போதுதான் 1960இல் அன்றைய மஇகா தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுச் சம்பளத்தில் மாதத் தவணை கட்டித் தொழிலாளர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். அதோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 1968இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்கள் எந்த ஊருக்குத் 'திரும்பினார்கள்' என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதையெல்லாம் தேசிய தினத்தில் பேசினால் சிலருக்குப் பிடிப்பதில்லை. "நல்ல நாளும் அதுவுமா ஏன்யா இந்த ஒப்பாரி?" என்று போன வருடம் ஒரு நண்பர் கேட்டார். நான் ஒப்பாரி வைக்கவில்லை. பூரிப்பாகக் கொண்டாட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கெனிங்காவ்காரர் கதையும், என் பாட்டி கதையும், புக்கிட் சிடிம் கதையும் அந்தக் கொண்டாட்டத்துக்குள் வரட்டும். இப்போதைய தமிழ்ப்பள்ளி மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். பாஜு மலாயுவில் ஒரு பையன், சியோங்சாமில் ஒரு பிள்ளை, பாவாடை தாவணியில் ஒரு பிள்ளை. மூவரும் கைகோத்து நின்றதும் "மூவினமும் ஓரினமாய்" என்று பாட்டு. கைதட்டல். சபா, சரவாக்கின் மண்ணின் மக்களான இபான் எங்கே, கடசான் டூசுன் எங்கே, பிடாயூ எங்கே, தீபகற்பத்திலேயே நமக்கு முன்னால் இருந்த ஓராங் அஸ்லி எங்கே? உடை வாடகைக்குக் கிடைக்கவில்லை என்று ஓர் ஆசிரியை சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம், அவரைக் குறை சொல்லவில்லை. ஆசிரியர்கள் கைக்காசைப் போட்டு வகுப்பறையை அலங்கரிக்கிற நாட்டில் அவர்களையே மேலும் படுத்தக்கூடாது.

இரண்டு விழா எதற்கு, ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்றும் ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. ஆகஸ்டு 31க்கு அணிவகுப்பும் ராணுவ மரியாதையும் இருக்கட்டும், அது காலனி ஆட்சியை அனுப்பி வைத்த நாள். செப்டம்பர் 16 வேறு ரகம். வெவ்வேறு கரையில் இருந்தவர்கள் நிபந்தனை பேசிச் சேர்ந்த நாள். அதற்குத் திடலும் டாங்கியும் பொருந்தாது. தாமான், கம்போங், பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று சின்னச் சின்ன இடங்களில் சாப்பாட்டோடு நடக்க வேண்டிய விழா அது.

எங்கள் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வழக்கமாக ஆகஸ்டு 31 காலையில் சைக்கிள் அலங்காரப் போட்டி, ரொட்டி ஜாலா, பிரமுகர் உரை என்று முடித்துவிடுவோம். இந்த முறை சைக்கிள் போட்டி அன்றைக்கே நடந்து முடிந்தது, சாப்பாட்டை மட்டும் 16ஆம் தேதி மாலைக்கு மாற்றியாகிவிட்டது. பிரமுகர் உரை ரத்து. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பதில் மூன்றாவது சந்தில் வாடகைக்கு இருக்கும், சரவாக்கின் மிரி ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், அவர்கள் பாட்டன் காலத்தில் 1963ஐப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு அக்கா சிவப்பு அட்டைக் கதையைச் சொல்கிறார். கெனிங்காவ் கல்லின் வாசகத்தை நான்கு மொழியிலும் அட்டையில் எழுதி வைக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

சரவாக் லக்சா வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. மசாலா பாக்கெட் இரண்டு வந்துவிட்டது, எண்பது பேருக்கு அது எந்த மூலைக்கு? மிரி பையன்களுக்குச் சாப்பிடத்தான் தெரியுமாம். சமைத்த அனுபவம் உள்ளவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். தேங்காய்ப்பால் நாங்கள் பிழிந்து தருகிறோம்.