உதவிப் பயிற்றுநர் போனால் அணி கவிழுமா?

யாழ்ப்பாணத்துக் கூடைப்பந்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘உதவிப் பயிற்றுநர் விலகினால் அடுத்த பருவமே அணி சரியும். சாட்சி, மைக் பிரவுன் போன பிறகு வோரியர்ஸ்.’

இது பாதி உண்மை. வோரியர்ஸ், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் அணி. அதன் உதவிப் பயிற்றுநர் பிரவுன் 2022இல் அதே லீக்கின் சக்ரமென்டோ அணிக்குப் போனார். வோரியர்ஸின் வெற்றிகள் 53இலிருந்து 44ஆகக் குறைந்தன. சரி. ஆனால் அதே பருவத்தில் சொந்த மைதானத்தில் 33 வெற்றி, 8 தோல்வி. வெளியூரில் 11 வெற்றி, 30 தோல்வி. பயிற்றுநர் குழு இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? வீரர்கள் கேரி பேட்டன், ஓட்டோ போர்ட்டர் விலகியதையும், பயிற்சியில் டிரேமண்ட் கிரீன் சக வீரர் ஜோர்டன் பூலைக் குத்தியதையும் அந்தச் செய்தி வசதியாக விட்டுவிட்டது.

அதே அணியில் 2015இல் உதவிப் பயிற்றுநர் அல்வின் ஜென்ட்ரி விலகினார். அடுத்த பருவம் 73 வெற்றிகள், என்.பி.ஏ. சாதனை! பொஸ்டன் அணியின் தடுப்பாட்டத்தை வடிவமைத்த உதவிப் பயிற்றுநர் டொம் திபடோ 2010இல் சிக்காகோ அணிக்குப் போனார். பொஸ்டனின் வெற்றிகள் 50இலிருந்து 56ஆகக் கூடின.

பாதிப்பே இராது என்றில்லை. எங்கள் பாடசாலை அணிகளில் ஒரேயொரு உதவியாளர் போனாலே பயிற்சி குழம்பும். என்.பி.ஏ. அணிக்கோ அப்படிப் பலர் இருக்கிறார்கள்.