துடுப்பே போடாத பொண்ணு என்ன ஆக முடியும்னு கேட்டவருக்கு

சனிக்கிழமை விழாவுல நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் எல்லா குரூப்லயும் சுத்திட்டு இருக்கு, அதனால முழுக்கதையும் திரும்ப எழுதப் போறதில்ல. காலேஜ் ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) டீமுக்கு காக்ஸா, அதாவது துடுப்பு போடாம படகுல உக்காந்து வழிநடத்துறவளா, செலக்ட் ஆன நம்ம பொண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, மைக் பிடிச்சவர் "படகுல உக்காந்து கத்துறதுக்கெல்லாமா ஸ்காலர்ஷிப்"னு கேட்டதுக்கு ஹாலே சிரிச்சது. அதைக்கூட விழா உற்சாகம்னு விட்டிருப்பேன். ஆனா நேத்து ராத்திரி அவர் ஒரு விளக்கம் போட்டாரு பாருங்க, "நான் கிண்டல் பண்ணல, அக்கறையில சொன்னேன், துடுப்பே போடாத பொண்ணு நாளைக்கு இந்த விளையாட்டுல என்ன ஆக முடியும்"னு, அதுக்கு கீழ நூத்துக்கணக்குல லைக். அதுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியல.

அண்ணா, நீங்க கேட்ட கேள்விக்கு நீங்க பேசின ஹால்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே பதில் இருக்கு. யாஸ்மின் ஃபாரூக்னு ஒருத்தர். எல்லாரும் யாஸ்னு கூப்பிடுவாங்க. நம்ம சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் யூனிவர்சிட்டி பெண்கள் ரோயிங் டீமை 2017லயும் 2019லயும் அமெரிக்கக் காலேஜ் டீம்களுக்கான தேசிய சாம்பியன் ஆக்கின கோச். அதுக்கு முன்னாடி ஸ்டான்ஃபோர்டை 2009ல சாம்பியன் ஆக்கினவங்க, அது அந்த டீமோட முதல் பட்டம். ரெண்டு வெவ்வேற யூனிவர்சிட்டிக்கு இந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுக்கிறது எவ்வளவு அபூர்வம்னு ரோயிங் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த யாஸ் ஒரு காக்ஸ். துடுப்பு போட்டுப் பேர் வாங்கினவங்க இல்ல. படகோட பின்பக்கம் உக்காந்து, நீங்க சொன்ன அந்தக் "கத்துற" வேலையைச் செஞ்சுதான் 1992லயும் 1996லயும் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் போனாங்க, 1995ல ஃபின்லாந்துல தாம்பரேல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல எட்டு பேர் படகுல தங்கம் வாங்கினாங்க.

துடுப்பே போடாத பொண்ணு என்ன ஆக முடியும்னா, இதெல்லாம் ஆக முடியும்.

காக்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன், தெரிஞ்சவங்க பொறுத்துக்கங்க. ரோயிங்ல துடுப்பு போடுற எட்டு பேரும் முதுகைக் காட்டிட்டுத்தான் போறாங்க. படகு போற திசை அவங்களுக்குத் தெரியாது. முன்னாடி பாக்குற ஒரே ஆள் காக்ஸ். படகைத் திருப்புற சுக்கான் அவங்க கையில, அதைக் கொஞ்சம் தேவையில்லாம அசைச்சாலும் வேகம் குறையும். பக்கத்துப் படகு எங்க இருக்கு, எப்ப ஸ்ட்ரோக் ரேட்டை (நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடுப்பு போடுறாங்கங்கற கணக்கை) ஏத்தணும், எந்த சீட்டுல இருக்கிற பொண்ணு அரை நொடி லேட்டா துடுப்பைத் தண்ணியில இறக்குறா, இதெல்லாம் அவங்கதான் பாத்து, மைக்ல சொல்லி, அடுத்த சில ஸ்ட்ரோக்குக்குள்ள சரி பண்ணணும். அதுலயும் பாதி விஷயத்தைக் கண்ணால பாக்க முடியாது, உக்காந்த இடத்துல படகோட அதிர்வுலயே தெரிஞ்சுக்கணும். ரேஸ் ஆரம்பிச்சுட்டா கரையில நிக்கிற கோச்சால உள்ள இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது, அந்த 2000 மீட்டருக்கும் படகுக்குள்ள இருக்கிற கோச் காக்ஸ்தான். ஆலப்புழா வள்ளம்களி வீடியோ வருஷா வருஷம் ஷேர் பண்றீங்களே, அதுல பின்னாடி நின்னு அந்த நீளமான படகைத் திசை திருப்புறவரைப் பாத்து என்னைக்காவது சிரிச்சிருக்கீங்களா? அங்க ஆம்பளை நின்னா கம்பீரம், இங்க நம்ம வீட்டுப் பொண்ணு உக்காந்தா கத்துறதா?

யாஸ் ரோயிங் கத்துக்கிட்டது விஸ்கான்சின் யூனிவர்சிட்டில. அப்ப அங்க பெண்கள் டீம் கோச் சூ ஈலா. 1975ல தேசிய சாம்பியன் ஆன விஸ்கான்சின் டீம்ல துடுப்பு போட்டவங்க அவங்க. அதே டீம்ல இருந்த இன்னொருத்தர் கேரி கிரேவ்ஸ். 1976 மான்ட்ரியால், அதுதான் பெண்கள் ரோயிங் ஒலிம்பிக்ல நுழைஞ்ச முதல் வருஷம், அதுல வெண்கலம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணிச்சதால போக முடியல, 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல தங்கம். அப்பல்லாம் பெண்களுக்கு 1000 மீட்டர்தான், 2000 தாங்க மாட்டாங்கன்னு பாதியில நிறுத்தி வச்சிருந்தாங்க, 1988லதான் ஆம்பளைங்களுக்குச் சமமா 2000 ஆச்சு. கேரி கிரேவ்ஸ் ஹார்வர்டோட பெண்கள் டீமான ராட்கிளிஃப், நார்த்ஈஸ்டர்ன், அப்புறம் 1998ல இருந்து 2014 வரைக்கும் டெக்சஸ்னு வாழ்க்கை முழுக்க பொண்ணுங்களுக்குக் கோச்சா இருந்துட்டு 2021 கடைசில காலமானாங்க.

இதை ஏன் இழுக்கிறேன்னா, 2021 தேசிய சாம்பியன்ஷிப் ஃபுளோரிடா சரசோட்டால நடந்துச்சு. டெக்சஸ், ஸ்டான்ஃபோர்டு, வாஷிங்டன் மூணும் ஒரே பாயின்ட். "முதல் எட்டு"ங்கற ரேஸை, அதாவது ஒவ்வொரு டீமோட சிறந்த எட்டு பேர் படகு ஓடுற ரேஸை, ஜெயிச்சதால பட்டம் டெக்சஸுக்குப் போச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க. டெக்சஸ் டீமை ஆரம்ப காலத்துல இருந்து வளர்த்தது கேரி கிரேவ்ஸ். ஸ்டான்ஃபோர்டுக்கு முதல் பட்டம் வாங்கிக் கொடுத்தது யாஸ். வாஷிங்டனுக்கு அந்த நேரம் கோச் யாஸ். விஸ்கான்சின்ல ஒரே ஏரிக்கரையில வளர்ந்த ரெண்டு பொம்பளைங்களோட உழைப்பு அந்த மூணு படகுலயும் இருந்துச்சு. என்னைக் கேட்டா அந்தப் பட்டத்தை விட எனக்கு இதுதான் பெருசு.

சரி, கமெண்ட்ல வரப்போறது எனக்குத் தெரியும், இப்பவே பதில் சொல்லிடறேன்.

"வாஷிங்டன் ஏற்கனவே பெரிய டீம், பணம் இருக்கு, ஏரி இருக்கு, யார் வந்தாலும் ஜெயிப்பாங்க." இருக்குதான், இல்லைன்னு சொல்லல. 1936 பெர்லின் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின வாஷிங்டன் யூனிவர்சிட்டி பசங்களோட பேரைச் சொல்லாம இந்த ஊர்ல யாரும் ரோயிங் பத்திப் பேச மாட்டாங்க. பெண்கள் டீமும் ஜேன் ஹார்வில் கோச்சா இருந்தப்ப 1997, 1998, 2001னு மூணு பட்டம் வாங்கியிருக்கு. ஆனா 2001க்கு அப்புறம்? அதே ஏரிதான், அதே பணம்தான், 2016 வரைக்கும் ஒரு பட்டம் இல்ல. 2016ல யாஸ் வந்தாங்க, 2017ல பட்டம். அதுவும் எப்படி, போட்டியில மூணு படகு இருக்கு, முதல் எட்டு, ரெண்டாவது எட்டு, நாலு பேர் படகு, காக்ஸையும் சேத்தா மொத்தம் 23 பேர், மூணோட பாயின்ட்டையும் கூட்டித்தான் பட்டம். அந்த மூணு ஃபைனலையும் ஒரே டீம் ஜெயிச்சது அந்தப் போட்டி ஆரம்பிச்ச 1997ல இருந்து அதுதான் முதல் தடவை. 2019ல திரும்பவும் மூணையும் ஜெயிச்சாங்க. ஏரியும் பணமும் தானா ஜெயிக்கும்னா நடுவுல அத்தனை வருஷம் ஏன் ஜெயிக்கல?

"வெளிநாட்டுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்துதானே." ஆமா, நிறைய பேர் வெளிநாட்டுக்காரங்கதான். எல்லா பெரிய டீமும் அதைத்தான் பண்ணுது. வர்ற பொண்ணை நாலு வருஷம் டீம்ல வச்சுக்கிட்டு, படிக்க வச்சு, பழக்கமே இல்லாத இன்னொரு பொண்ணோட ஒரே தாளத்துல துடுப்பு போட வைக்கிறது யாரு? அடுத்ததுக்குப் போவோம்.

"ஃபுட்பால் டீமுக்குக் கணக்கு சரி பண்ணத்தான் பெண்கள் ரோயிங்கே வச்சிருக்காங்க." இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலான வாதம், ஏன்னா இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. 1972ல வந்த டைட்டில் நைன், அதாவது காலேஜ்ல பொண்ணுங்களுக்கும் சமமா வாய்ப்பு கொடுக்கணும்ங்கற அமெரிக்கச் சட்டத்துக்கு அப்புறம், ஃபுட்பால்ல அத்தனை ஆம்பளைப் பசங்களை வச்சிருக்கிற காலேஜ் பொண்ணுங்களுக்கும் அதுக்கேத்த இடம் காட்ட வேண்டியிருந்துச்சு, ரோயிங்ல நிறைய பேரைச் சேக்கலாம்னு பல காலேஜ் டீம் ஆரம்பிச்சாங்க. அதனால என்ன? காரணம் எதுவா வேணா இருக்கட்டும், வந்த பொண்ணுங்க கணக்குக்காகவா காலைல அஞ்சு மணிக்குக் குளிர்ல தண்ணியில இறங்குறாங்க? இந்தச் சட்டமும் யாரும் தட்டுல வச்சு நீட்டினது இல்ல. 1976ல யேல் யூனிவர்சிட்டி ரோயிங் பொண்ணுங்க 19 பேர், பயிற்சி முடிஞ்சு பசங்க சுடுதண்ணியில குளிச்சுட்டு வர்ற வரைக்கும் இவங்க நனைஞ்ச துணியோட பஸ்ல நடுங்கிட்டு உக்காந்திருக்கணும்னா எப்படின்னு, விளையாட்டுத் துறை அதிகாரி ஆபீஸுக்குள்ள போய் மேல் சட்டையைக் கழட்டி, உடம்புல எழுதியிருந்த டைட்டில் நைன்ங்கற வார்த்தையைக் காட்டி நின்னாங்க. கேப்டன் கிரிஸ் எர்ன்ஸ்ட் அறிக்கை படிச்சாங்க. ஒரு குளியலறைக்காக! அதுக்கப்புறம் வந்ததுதான் இன்னைக்கு நம்ம பிள்ளைங்க கைக்கு வர்ற ஸ்காலர்ஷிப் எல்லாம். அதை மேடையில வச்சுச் சிரிக்கிறோம்.

இன்னொன்னு. பிரவுன் யூனிவர்சிட்டி பெண்கள் டீமுக்கு ஏழு பட்டம் வாங்கிக் கொடுத்தவர் ஜான் மர்ஃபி. 2021ல இருந்து டெக்சஸுக்குப் பட்டம் பட்டமா வாங்கிக் கொடுத்தவர் டேவ் ஓ'நீல். ரெண்டு பேரும் பெரிய கோச், மரியாதையோடதான் சொல்றேன். அவங்க துடுப்பு போட்டாங்களா, எந்த சீட்டுல உக்காந்தாங்கன்னு யாராவது கேட்டிருக்கோமா? பொம்பளை கோச்னா மட்டும் சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்துக் காட்டணும்.

எங்க ஊர்ல, திண்டிவனம் பக்கத்துல நான் படிச்ச ஸ்கூல்ல, எங்க பி.டி. மிஸ் கோகோ சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க நல்ல பருமன், முட்டி வலி வேற, அவங்க ஓடி நான் பாத்ததே இல்ல. கிரவுண்ட் ஓரத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துதான் கத்துவாங்க. "எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவ காலைப் பாருடி, மூஞ்சியைப் பாக்காத"ன்னு. நாங்க மாவட்டத்துல ஜெயிச்சோம். பரிசு கொடுக்கிற அன்னைக்கு மேடையில தலைமை ஆசிரியர், தாளாளர், அப்புறம் விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ரெண்டு பெரிய மனுஷங்க. மிஸ் கீழ எங்க பையெல்லாம் பாத்துட்டு நின்னாங்க. போட்டோல அவங்க இல்ல. ஏன் மிஸ் மேல வரலைன்னு கேட்டதுக்கு ஒரு சார் "அவங்களா விளையாடினாங்க"ன்னு கேட்டாரு. எனக்கு இன்னைக்கும் அந்தக் குரல் காதுல இருக்கு. சனிக்கிழமை அதே குரலைத்தான் மைக்ல கேட்டேன். அதனால நான் ஓவரா ரியாக்ட் பண்றேன்னு சொல்றவங்க சொல்லிக்கங்க, பரவாயில்ல.

"உன் பொண்ணும் ரோயிங், அதனால பேசுற"ன்னும் வரும். ஆமா, என் பொண்ணும் ரோயிங்தான். அவ காக்ஸ் இல்ல, துடுப்பு போடுறவ. உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோட வருவா. அவளே சொல்றது, நல்ல காக்ஸ் இருந்தா கடைசி 500 மீட்டர்ல உடம்பு முடியாதுன்னு சொல்றப்பவும் போகும், மோசமான காக்ஸ் இருந்தா நடுவுலயே மனசு விட்டுப்போகும்னு. துடுப்பு போடுறவளே இதைச் சொல்றா, எர்க் மெஷினை (தரையில வச்சு ரோயிங் பயிற்சி பண்ற மெஷின்) தொட்டுக்கூடப் பாக்காத நாம ஏன் வேற மாதிரி சொல்லணும்?

ஜெயிச்சவங்களை மட்டும் சொல்லி நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அதையும் சொல்லிடறேன். யாஸ் 1995ல உலக சாம்பியன். அடுத்த வருஷம் சொந்த நாட்டுல, அட்லான்டா ஒலிம்பிக்ல, அதே எட்டு பேர் படகுல நாலாவது இடம். பதக்கமே இல்ல. அதைத் தாங்கிட்டு ஒருத்தர் அதே விளையாட்டுல நின்னு, டிவியில ஒலிம்பிக் ரோயிங் வர்ணனை பண்ணி, 2006ல ஸ்டான்ஃபோர்டு போய், பத்து வருஷம் அங்க இருந்து, திரும்ப இன்னொரு டீமை எடுத்து வளர்த்தாங்க. டீம்ல யாருக்கு எந்த சீட்னு முடிவு பண்ண சீட் ரேஸ்னு ஒன்னு வைப்பாங்க, ரெண்டு படகை ஒன்னா ஓட விட்டு, ரெண்டு பொண்ணுங்களை மட்டும் மாத்தி உக்கார வச்சு திரும்ப ஓட விட்டு, யாரால படகு வேகமா போச்சுன்னு பாக்குறது. அந்த முடிவைச் சொல்றப்ப ஒருத்தி அழுவா. அதைத் தினம் தினம் நேர்மையா சொல்லிட்டு, அழுத பொண்ணும் மறுநாள் காலைல திரும்ப வர்ற மாதிரி நடந்துக்கிறது இருக்கே, அதுக்குப் பேர்தான் கோச்சிங். எட்டு பேரோட மூச்சையும் முகத்தையும் எதிர்ல உக்காந்து வருஷக்கணக்கா பாத்த ஒருத்திக்கு அது வராம வேற யாருக்கு வரும்?

அந்தப் பொண்ணுக்குப் பதினேழு வயசு. சனிக்கிழமை மேடையில அவளும் எல்லாரோடயும் சேந்து சிரிச்சா, வீடியோல பாருங்க. அவங்க அம்மா நேத்து என்கிட்ட போன்ல சொன்னது, வீட்டுக்கு வந்து "மா, நான் படிப்பை மட்டும் பாத்துக்கறேன், டீமை விட்டுடவா"ன்னு கேட்டாளாம். அண்ணா, உங்க அக்கறை இதைத்தான் செஞ்சிருக்கு.

எனக்கு உங்ககிட்ட மன்னிப்பு எல்லாம் வேண்டாம். அவகிட்ட பேசுங்க. முதல்ல அந்த வீடியோவையும் விளக்கத்தையும் குரூப்ல இருந்து எடுங்க, அதுல அவ பேர் இருக்கு, அவளோட புது டீம்ல தமிழ் தெரிஞ்ச பொண்ணு யாராவது இருந்தா பாக்க வேண்டாம். குரூப் அட்மின்களையும் டேக் பண்ணியிருக்கேன், இன்னைக்கு ராத்திரிக்குள்ள எடுத்துடுங்க.